சிவப்புப் பென்சில்

இரங்கல் கூட்டத்தில் டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"போர்முனை பார்த்தவர். அப்புறம் முப்பது வருஷம் நமக்கு மருந்துக்கடைக்காரர். நான் எழுதினதை எதிர்க்கேள்வி கேட்காமக் கொடுப்பார். பட்டாளத்து ஒழுங்கு! என் மருந்துச் சீட்டால யாருக்கும் ஒரு கெடுதல் வந்ததுண்டா?"

கூட்டம் தலையாட்டியது. முன்வரிசையில் மருந்துக்கடைக்காரரின் மனைவி மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் ஒரு பிஸ்கட் டப்பாவை டாக்டரிடம் நீட்டினாள். உள்ளே கட்டுக்கட்டாக மருந்துச் சீட்டு நகல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம்.

"என்னம்மா இது?"

"நீங்க அளவு தப்பா எழுதினதெல்லாம். உங்க நர்ஸுக்குப் போன் போட்டு, திருத்தி வாங்கிட்டுத்தான் மருந்து கொடுப்பார். உங்க பேர் கெடக்கூடாதுன்னு வெளியே மூச்சு விட்டதில்ல."

டாக்டர் அவசரமாகப் புரட்டினார். கடைசிச் சீட்டில் மட்டும் வட்டம் இல்லை.

"இது சரியாத்தானே இருக்கு?" என்றார், கொழுகொம்பு கிடைத்தவர் போல.

"இல்ல டாக்டர். பத்து மடங்கு அளவுன்னு நேத்துதான் உங்க நர்ஸ் பார்த்துட்டு அழுதா. வட்டம் போட வேண்டியவர் அன்னிக்குக் கண்ணே தொறக்காமக் கிடந்தார். அவருக்கு நீங்க எழுதின கடைசி ஊசி இது."