ராஜா எழுந்திருக்கக் கூடாது

"நான் வேலைக்காரனா? இவன் ராஜாவா?"

ஜம்புநாதன் போட்ட சத்தத்தில் பங்களாவே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தது.

டில்லியில் ஏஷியாட் விளையாட்டுப் போட்டி நடந்ததற்கு முந்தின வருஷம். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று படம் எடுக்க வந்திருந்தது. அந்தக் காலத்து மாளிகையில் நடக்கும் கொலைக் கதை. சிவில் லைன்ஸில் பழைய பங்களா ஒன்றைப் பிடித்து, சரவிளக்கும் புலித்தோலுமாக ஜோடித்திருந்தார்கள். துரைகளும் துரைசானிகளும் லண்டனிலிருந்தே வந்துவிட்டார்கள். ஒரு சமஸ்தான ராஜாவுக்கும் நாலு வேலைக்காரர்களுக்கும்தான் உள்ளூரில் ஆள் தேடினார்கள்.

ஜம்புநாதன் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். கரோல்பாக் தமிழ் நாடகக் குழுவில் பத்து வருஷமாக ராஜா வேஷம் என்றால் அவர்தான். அந்தத் தெம்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி வந்திருந்தார். மேக்கப் பெட்டியைத் தூக்கி வர ஆபீஸ் பியூன் குழந்தைசாமி.

டைரக்டர் கண்ணில் பட்டது பெட்டியைத் தூக்கி வந்தவர்தான். ஆறடி உயரம், முறுக்கு மீசை.

"இவர்தான் என் ராஜா!" என்றுவிட்டார்.

"கோச்சுக்காதீங்க அங்கிள்," என்று சமாதானப்படுத்தினாள் இந்திராணி. டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், உதவி டைரக்டர். "உங்களுக்கும் அச்சா ரோல்தான். நீங்க கொண்டு வர்ற காபியிலதான் விஷம். கொலைகாரனே நீங்கதான்!"

கொலைகாரன் என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தவிர, குடியிருக்கும் ஜனக்புரி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. எந்த முகத்தோடு திரும்பிப் போவது? வேலைக்காரன் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

காட்சி சின்னதுதான். ராஜா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வேலைக்காரன் வெள்ளித் தட்டில் காபி கொண்டு வந்து, குனிந்து நிற்பான். ராஜா அவனைப் பார்க்காமலே காபியை வாங்கிக் குடித்துவிட்டுச் சாய்வார்.

"மூஞ்சியைப் பார்க்கவே கூடாது," என்று டைரக்டர் சொன்னதை இந்திராணி தமிழில் சொன்னாள். "ராஜாவும் பார்க்க மாட்டார், கூட இருக்கறவங்களும் பார்க்க மாட்டாங்க. அப்புறம் போலீஸ் வந்து கேட்டா, காபி கொண்டு வந்தவன் எப்படி இருந்தான்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. அதான் கதையே."

"ஆக்‌ஷன்!"

ஜம்புநாதன் தட்டோடு வந்தார். குழந்தைசாமி பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"கட்!"

இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை உட்கார்ந்தபடியே பாதி எழுந்தார். நாலாவது தடவை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முழுசாகவே எழுந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ஜம்புநாதனுக்கு உள்ளுக்குள் மனசு குளிர்ந்தது. பட்டு அச்கன் கோட்டு போட்டால் மட்டும் போதுமா? பியூன் பியூன்தான்!

ஐந்தாவது தடவை டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"இன்னும் ஒரே ஒரு சான்ஸ் அங்கிள்," என்றாள் இந்திராணி. "இல்லேன்னா ரெண்டு பேருக்கும் பதிலா வேற ஆள் போட்டுடுவாராம்."

இப்போது ஜம்புநாதனுக்கே பதறியது. குழந்தைசாமியின் பக்கத்தில் போனார்.

"ஏன்யா, என்னைக் கண்டா எந்திரிக்காம இருக்க முடியலையா? பயப்படாதே. இன்னிக்கு நீதான்யா ராஜா."

"பயமெல்லாம் இல்லீங்க சார்."

"பின்னே?"

"வெள்ளித் தட்டு, நல்ல கனம். உங்களுக்குப் பழக்கமில்லை. கை நடுங்குது. பார்த்துட்டுச் சும்மா உட்கார முடியலீங்க. வாங்கி வெச்சிடலாம்னு எந்திரிச்சுடறேன்."

முழங்கை இரண்டும் ஜம்புநாதனுக்கு நிஜமாகவே விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன.

இந்திராணி குறுக்கே வந்து குழந்தைசாமியிடம் கேட்டாள். "அங்கிள், யாராவது பெரிய மனுஷங்க காபி வாங்கிக்கறதைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேம்மா."

"அவரை மாதிரியே பண்ணுங்க. ஜல்தி, ப்ளீஸ்!"

குழந்தைசாமி ஜம்புநாதனை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரிம்மா," என்றார்.

"ஆக்‌ஷன்!"

ஜம்புநாதன் போய்க் குனிந்து நின்றார். ராஜா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிற்கட்டும் என்று நிற்கவைத்தார். ஒரு பக்கத்தை நிதானமாகப் புரட்டினார். அப்புறம் இடது கை விரலால் மேஜையில் இரண்டு தட்டு. இங்கே வை என்று அர்த்தம். புறங்கையால் ஒரு விசிறல். போ என்று அர்த்தம்.

ஜம்புநாதனுக்குப் பகீரென்றது.

அந்த இரண்டு தட்டும் அந்த விசிறலும் அவருடையவை. பதினொரு வருஷமாக, தினம் காலை பதினொரு மணிக்கு, ஆபீசில் அவர் மேஜையில் நடப்பது அப்படியே நடந்தது. என்ன, இத்தனை நாள் அதைத் தட்டு பிடித்திருப்பவன் பக்கத்திலிருந்து அவர் பார்த்ததில்லை.

ராஜா காபியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தார்.

"கட்! ஓகே!" டைரக்டர் ஓடி வந்து குழந்தைசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இங்கிலீஷில் ஏதோ படபடவென்று கேட்டார்.

"இத்தனை திமிரை எங்கே கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறார்," என்றாள் இந்திராணி. "யாரைப் பார்த்துப் பண்ணினீங்க அங்கிள்?"

எல்லோரும் குழந்தைசாமியையே பார்த்தார்கள். ஜம்புநாதன் தலை குனிந்துகொண்டார். காது மடல் சுட்டது.

"எங்க ஊர்ல ஒரு ஜமீன்தார் இருந்தாரும்மா," என்றார் குழந்தைசாமி. "சின்ன வயசுல பார்த்தது."

"அச்சா! அவர் இன்னும் இருக்காரா?"

ஜம்புநாதன் மெதுவாக நிமிர்ந்து, முதல் தடவையாகக் குழந்தைசாமியின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"இல்லேம்மா. அந்த ஜமீன்தார் இப்பத்தான் செத்தார்."