ஃபோர்க்குக்குப் புது எண்ணெய்

“உன்னை விட்டுட்டு இன்னொருத்தியோட போனவன் சைக்கிளை நீ ரிப்பேர் பண்ணி அனுப்பறியா? ரோஷமே கிடையாதா உனக்கு?”

அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

“கத்தாதே அண்ணா. அந்தத் துணியை எடு.”

மலைப்பாதை சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்துக் குலுக்கம் தாங்கும் ஃபோர்க், சாப்பாட்டு மேஜைமேல் பிரிந்து கிடந்தது. உள்ளே எண்ணெய் கறுத்துக் கூழாகியிருந்தது. தங்கை குழாய்களைத் துடைத்தாள், எண்ணெய் கசியாமலிருக்கப் புது ரப்பர் சீல் போட்டாள், எண்ணெயை மருந்துபோல் அளந்து ஊற்றினாள். ஏழு வருஷம் புருஷன் பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுத்த கை அல்லவா!

அண்ணன் துணியைக் கீழே போட்டான். “ஏய், எதையாவது தளர்த்தி விட்டுப் பழிவாங்கப் பாக்கறியா? விழுந்து தொலைச்சான்னா போலீசு வரும்!”

“பழிதான். ஆனா ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் என்னைக் கேளு.”

மறுநாளே சைக்கிள் புதியவள் வீட்டு வாசலில் போய் நின்றது.

மூன்றாம் மாதம் புதியவள் ஃபோனில் அழுதாள். “அக்கா, லீவு நாளானா மலைக்குப் போயிடறார். மத்த நாள்ல சாப்பாட்டு மேஜை பூரா எண்ணெய். எப்படிக்கா தாங்கினீங்க?”

“ஃபோர்க் இறுகினப்பவே நான் சரிபண்ணிக் குடுத்திருக்கணும்மா. மலைக்குப் போக முடியாம சும்மா கிடந்த நேரத்துலதானே உன்னைப் பாத்தாரு!”

அந்த வாரமே புதியவள் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவளோ, அந்தச் சீலை விற்ற சைக்கிள் கடைக்காரரையே கட்டிக்கொண்டாள், அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது என்று நன்றாக விசாரித்த பிறகு.