நகராத குதிரை

சர்வேயர் குதிரையை நகர்த்தினார். திரையில் அது நகரவில்லை.

மௌஸை இன்னொரு முறை அழுத்தினார். நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவருடைய ஆட்டக் கடிகாரமோ யாருக்காகவும் காத்திராமல் ஓடியது.

எதிர்முனையில் பல் டாக்டர். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் இணையச் சதுரங்கப் போட்டியில் இதுதான் கடைசி ஆட்டம். சென்ற வருடம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர் டாக்டர். இந்தத் தடவையும் விட்டுக்கொடுத்தால் சர்வேயர் நண்பர்கள் மத்தியில் தலைகாட்ட முடியாது.

ஆடித் தோற்றால்கூடப் பரவாயில்லை, தலையைக் குனிந்துகொள்ளலாம். காய் நகராமல் நேரம் தீர்ந்து தோற்றால் யாரிடம் போய் முறையிடுவது?

இந்த இணையம் அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் செய்தி பார்த்தால் பறக்கிறது. மதியம் பழைய படம் போட்டால் ஒரு தடங்கல் இல்லை. ஆட்டத்துக்கு உட்கார்ந்தால் மட்டும் சொல்லிவைத்தாற்போல் படுத்துவிடுகிறது.

ஊரில் பாதி நிலத்தை அளந்து எல்லைக் கல் நட்டு ஓய்வுபெற்றவர். அதனால் இதையும் அளந்தே பார்த்தார். கூடத்தில் இருக்கும் மோடத்திலிருந்து தன் அறை மேஜை வரைக்கும் நாடாவைப் பிடித்தார். மேஜையை ஜன்னலோரம் இழுத்தார், மறுபடி சுவரோரம் தள்ளினார். உள்ளே தூசி அடைத்திருக்கும் என்று யாரோ சொல்ல, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பெயிண்ட் பிரஷால் தட்டினார். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

கேபிள்காரர் வந்து வயரை மாற்றினார். வேகத்தைச் சோதித்துக் காட்டினார். முள் எகிறியது. லைனில் ஒரு குறையும் இல்லை, நீங்கள்தான் எதையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சர்வேயருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மனைவி இதில் பட்டுக்கொள்வதே இல்லை. விடுங்கள், அது அப்படித்தான் என்பாள். ஆனால் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் தவறாமல் கேட்டுவைத்துக்கொள்வாள். காலம் போன காலத்தில் இவளுக்கும் சதுரங்கத்தில் ருசி வந்துவிட்டதே என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்து பழக்கிவிட்டவள் மகள். அவள் இருந்திருந்தால் ஒரு நொடியில் கோளாறைக் கண்டுபிடித்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு அவள் போன அன்று, இனி அவள் குரல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். மனைவியும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் கேட்டபடியே வீடு அமைதியாகிவிட்டது. கேட்டு வாங்கிய அமைதியை என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

குதிரை திடீரென்று ஒரு துள்ளுத் துள்ளிப் போய்த் தன் கட்டத்தில் உட்கார்ந்தது. டாக்டர் காத்திருந்தவர்போல் உடனே பதிலுக்கு நகர்த்தினார். சர்வேயரின் யானைக்கு ஆபத்து. அவர் கையை வைக்கப் போனார். மறுபடியும் வட்டம்.

பொறுத்தது போதும் என்று எழுந்துவிட்டார். மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியானாலும் ஆகலாம், ஆட்டமே கையைவிட்டுப் போனாலும் போகலாம். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கூடத்துக்கு வந்தார். மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் சுவிட்சில் விரலை வைத்தபோது அந்தக் குரல் கேட்டது.

“அம்மா, நாற்காலி காலியா இருக்கு. அப்பா எங்க போயிட்டார்? அவருக்கு நேரம் ஓடுதும்மா.”

குழாய்ச் சத்தத்தில் மனைவிக்கு அது கேட்டிருக்காது. சர்வேயர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

கூடத்துக்கும் அவர் அறைக்கும் நடுவில் இருந்த ஜன்னலில் திரைச்சீலை கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு பவுடர் டப்பாவில் சாய்ந்தபடி மனைவியின் போன் நின்றது. அதன் கேமரா அவர் அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. போனின் திரை கூடத்தின் பக்கம் இருந்தது.

திரையில் மகள். கன்னத்தில் கையை ஊன்றி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் இளைத்திருந்தது. மூலையில் சின்னக் கட்டத்தில் அவருடைய காலி நாற்காலியும், அதற்கு அப்பால் கம்ப்யூட்டர் திரையில் பாதி மறைந்த சதுரங்கப் பலகையும் தெரிந்தன.

ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் லைனை இழுத்துக்கொண்டிருந்தது யார் என்று அவருக்கு இப்போது புரிந்தது.

சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார். மனைவியைக் கூப்பிடவில்லை. வந்த சுவடு தெரியாமல் அறைக்குத் திரும்பினார். நாற்காலியைச் சற்று ஓரமாக நகர்த்திப் போட்டு, பலகையை மறைக்காதபடி உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

வட்டம் மறைந்திருந்தது. கடிகாரத்தில் கொஞ்ச நேரம்தான் மிச்சம். எந்தக் காயை நகர்த்தினால் தப்பலாம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

“இப்ப குதிரையை நகர்த்தவா, யானையை நகர்த்தவா?”

தனக்குத் தானே பேசிக்கொள்கிறவர்போலத்தான் கேட்டார். ஆனால் சற்று உரக்கக் கேட்டார்.

கடிகாரம் ஓடியது. அவர் மௌஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.