மொட்டைக் கடிதாசி

முதலில் வம்பை ஆரம்பித்தது ஹெச்.எம். அம்மாதான். பள்ளிக்கூட வாட்ச்மேன் இதை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

போன வருஷம் கேட் பக்கத்து அறையில் வாட்ச்மேன் மாட்டியிருந்த சாமி படத்தை அந்த அம்மா கழற்றச் சொல்லிவிட்டார்.

"அரசாங்கப் பள்ளிக்கூடம்ண்ணே. சுவரு எல்லாருக்கும் பொது."

அன்றிலிருந்து அந்த அம்மா எங்கே சறுக்குவார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்.

வசமாகச் சிக்கியது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் மத்தியான இடைவேளையில் மேப் ரூமுக்குள் போய், தரையில் துணி விரித்துத் தன் சாமியைக் கும்பிட்டாள். கதவைத் திறந்துவிடுவதே ஹெச்.எம்.தான்!

"என் சாமிக்கு ஒரு ஆணி அடிக்க இடமில்ல, அவ சாமிக்கு தனி ரூமா?" என்று வீட்டில் குதித்தார்.

"அந்தப் பொண்ணு ஆணி அடிக்கலியே. நீங்கதானே அடிச்சீங்க?" என்றாள் மனைவி.

காதில் ஏறவில்லை. தப்பும் தவறுமாக ஒரு மொட்டைக் கடிதாசி எழுதிக் கல்வி அலுவலகத்துக்குத் தட்டிவிட்டார்.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார். வாட்ச்மேனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு தானா போய்க் கும்பிடுது. அது அவ உரிமை, தப்பில்ல. ஆனா இந்தம்மா மேல போன வருஷப் புகார் ஒண்ணு இருக்கு. லேட்டா வர்ற பிள்ளைங்களை சாமி படத்தைக் கும்பிட வச்சுத்தான் உள்ள விட்டாங்களாம். இதே பொண்ணு மழையில நின்னு அழுதிருக்கு. 'எல்லாம் என் பொறுப்பு'ன்னு அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. பதவி உயர்வும் போச்சு. கேட்ல இருக்கறவர் நீங்கதானே பெரியவரே? இப்பவும் அப்படிப் பண்றாங்களா? சொல்லுங்க, வேற ஊருக்கு மாத்திடலாம்."

வாட்ச்மேனுக்கு அந்த நாள் கண்ணில் வந்து நின்றது.

மழையில் புத்தகப் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, கையைக் கூப்பாமல் நின்ற பிள்ளை. "ஒரு கும்பிடு போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்று அதட்டியது அவர் குரல்தான்.

"அவங்க இல்ல சார். நான்."

அதிகாரி பேனாவை மூடினார்.

"நீங்க தற்காலிக ஆளுதானே? அன்னிக்கு உங்க பேரை எழுதியிருந்தா மறுநாளே வீட்டுக்குப் போயிருப்பீங்க."

"இப்ப எழுதிக்குங்க சார். இந்தக் கடிதாசியும் நான்தான்."

"அந்த ஃபைல் மூடியாச்சு. போங்க."

சாயங்காலம் ஹெச்.எம். நேராக அவரிடம் வந்தார். எல்லாம் தெரிந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. கத்தட்டும், எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழிக்கட்டும் என்று வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மேப் ரூம் சாவியை நீங்களே வச்சுக்குங்கண்ணே. எனக்கு மத்தியானம் வேலை சேர்ந்துபோச்சு. பொண்ணு வந்தா திறந்துவிடுங்க."

தினமும் திறந்துவிடுகிறார். அந்தப் பிள்ளை அவர் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போகிறது.

ஹெச்.எம். அம்மா அவருக்குத் தரவேண்டிய திட்டு மட்டும் இன்னும் பாக்கி.