கட்டிலுக்கடியில் எஞ்சின்

இந்த நாற்றத்தின் மேலா தினமும் படுத்துத் தூங்குவது என்று நினைக்கிறாள் அவள். குடியிருக்க வாங்கலாமென்று பார்க்க வந்த பழைய கால்வாய்ப் படகில் கட்டில் பலகையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். கீழே எஞ்சின்; அதன் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு கியர்பாக்ஸ். டார்ச் வெளிச்சத்தில், பிசுபிசுத்த கறுப்புத் தண்ணீரில், நீளமான தலைமுடி ஒன்று சுருண்டு மிதக்கிறது. கியர்பாக்ஸில் எண்ணெய் பார்க்க இடுக்குக்குள் விட்ட கணவனின் கை முழங்கையிலேயே சிக்கி நிற்கிறது. "உன் கை சின்னதுதானே, நீ விட்டுப் பாரேன்," என்கிறான். அவள் வளையல்களை மேலேற்றிக்கொண்டு மண்டியிடுகிறாள். "தங்கச்சி கை சுலபமாப் போகும். இங்க எண்ணெய் பாக்குறதெல்லாம் என் வீட்டுக்காரிதான். நான் ஒருநாளும் குனிஞ்சதில்ல," என்று விற்பவர் பெருமையோடு இளிக்கிறார். "அப்ப இனிமே இது உன் டிபார்ட்மென்ட்," என்று கணவனும் சேர்ந்து சிரிக்கிறான். அந்த முடி மெல்லப் புரள்கிறது. அவள் எழுந்து, வளையல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டுக்கு இறக்கிவிடுகிறாள். "என் கை இதுக்குள்ள போகாதுங்க," என்கிறாள், மெதுவாக.