கைநாட்டு

"மயக்க மருந்து வேண்டாம்ங்க. அப்படியே அறுங்க."

ஈதர் புட்டியை எடுத்த டாக்டர் ஆதப்பன் திகைத்துப்போனார். காலில் சீழ்பிடித்த மகளைக் குளத்தூர்ப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்த அடைக்கலமேரி, அறுவை மேசையை மறித்து நின்றாள்.

"பத்து வயசுப் பிள்ளை துடிச்சிரும்மா!"

"துடிக்க மாட்டா. முள்ளு ஏறினாலும் அவளுக்கு வலிக்காது. எங்க அண்ணனும் இதே வாகுதான். மயக்க மருந்து மோந்தவன் அப்புறம் எந்திரிக்கவே இல்ல. இவளை நான் விட மாட்டேன்."

"வலிக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஒடம்பு அவளோடது."

"தெரியும்ங்க."

அவள் கண்ணில் துளி ஈரமில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அவருக்கு எரிச்சல் மூண்டது. என்ன நடந்தாலும் தாயே பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி நீட்டினார்.

"கைநாட்டு வை."

தயங்காமல் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். வெறும் கறுப்புத் தீற்றல்தான் விழுந்தது. ஆதப்பன் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். பத்து விரல் நுனியும் வெந்து ஆறி வழவழவென்றிருந்தன.

"ரேகை எங்கம்மா?"

"அடுப்புல போயிருச்சுங்க. சுடுறது எனக்கு என்னைக்குத் தெரிஞ்சுச்சு?"

ஆதப்பன் ஈதர் புட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். அறுத்துக் கட்டுப்போட்டு முடியும்வரை அந்தப் பிள்ளை நர்சோடு பேசிக்கொண்டே இருந்தது.