நாலாவது அடுக்கு

ஆம்பூரிலிருந்து ஷூ லோடு ஏற்றிப்போன என் லாரி, ஜெய்சல்மேர் தாண்டிப் பாலைவனத்தில் நின்றுவிட்டது. குடிக்கவும் தண்ணீர் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு குடிசைக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்தார். கம்பு ரொட்டியும் மோரும் வந்தன. போதும் என்ற பிறகும் அவர் மனைவி நெய் ஊற்றினார். போன உயிர் திரும்பி வந்தது.

லாரி சரியானதும், என்னிடம் இருந்த ஆற்காடு மக்கன் பேடா இனிப்பை மூன்றடுக்கு கேரியரோடு கொடுத்தேன்.

"காலிப் பாத்திரமாத் திருப்பித் தரமாட்டோம்" என்றார் அவர், இந்தியில்.

"எங்க ஊர்லயும் அப்படித்தான். நீங்களே வச்சிக்குங்க" என்று கிளம்பினேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆம்பூர் வந்து சேர்ந்தேன். சமையல்மேடையில் அதே கேரியர் இருந்தது. அடுக்குக்கு அடுக்கு ஹுமேரா என்று என் மனைவியின் பேர் வெட்டின கேரியர்.

"இப்பதான் யாரோ வாசல்ல வச்சிட்டுப் போய்ட்டாங்க. நீங்கதான் குடுத்தனுப்பினீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

திறந்தேன். கம்பு ரொட்டி, சூடாக. நெய் இன்னும் உறையவில்லை. அடுக்குகள் நாலு இருந்தன. நாலாவதில் பேர் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம். பிறகு ஹுமேரா அந்த நாலாவது அடுக்கைக் கழுவி, பிரியாணி நிரப்பி, கத்திரிக்காய்த் தொக்கு வைத்து மூடினாள்.

"அவங்க பாத்திரத்த நாம மட்டும் காலியாக் குடுக்கலாமா?"

வாசல் சிமெண்டில் கேரியர் இருந்த இடத்தில் வட்டமாக மணல் படிந்திருந்தது. அதைக் கலைக்காமல், அதன்மேலேயே வைத்தாள்.